மாடு இல்லாத கொட்டகை

ஐப்பசி மழை பிடித்த நாளிலிருந்து, பாலக்கோட்டில் எங்கள் வீட்டு ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டிவிடும் சுவிட்ச்) விழ ஆரம்பித்தது. அம்மா மிக்சியைப் போட்டால் விழும். நான் இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் விழும். ராத்திரி ஃபேன் மட்டும் ஓடும்போது ஒன்றும் ஆகாது. யார் சுவிட்சைத் தட்டினார்களோ அவர்கள் மேல் பழி.

முதலில் சந்தேகப்பட்டது கீசரை. எங்கள் போர் தண்ணீர் உப்பு. காயிலில் சுண்ணாம்பு படிந்து, மேலுறை வெடித்து, கரண்ட் கசிவது இந்தப் பக்கம் சகஜம்தான். காயிலை மாற்றினேன். மறுநாள் காலை சட்னி பாதி அரைபடும்போதே மறுபடி 'டப்'.

"இத்தனை வருஷம் இந்த ஆர்.சி.சி.பி. இல்லாமத்தானடா இருந்தோம், கழட்டிப் போடு" என்றார் அப்பா. கழற்ற எனக்கு மனசு வரவில்லை.

ஒயர்மேன் அண்ணன் வந்தார். ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக இருக்கும் சுவிட்சுகளான எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். சிரித்தார். "தம்பி, அது பேஸை மட்டுந்தான் வெட்டும். நியூட்ரல் ஒயர் எல்லாம் ஒண்ணா சேர்ற லிங்க்ல அப்படியேதான் இருக்கும்." பேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமா என்று மட்டுமே ஆர்.சி.சி.பி. பார்க்கிறது. எங்கள் வீட்டில் இருப்பது 30 மில்லி ஆம்பியர் வகை. வித்தியாசம் அந்த அளவுக்குப் போனாலே இறக்கிவிடும். எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், எந்த அறையில் லோடு போட்டாலும் திரும்பும் கரண்டில் ஒரு பங்கு மண் வழியாக நழுவிவிடும். லோடு கூடக் கூட நழுவுவதும் கூடும். மிக்சிக்கு விழுந்து ஃபேனுக்கு விழாததன் ரகசியம் இதுதான்.

மெயினை இறக்கி, நியூட்ரல் ஒயர்களை லிங்க்கிலிருந்து கழற்றி, ஒவ்வொன்றையும் எர்த்தோடு வைத்து, கசிவு இருக்கிறதா என்று இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெகரில் பார்த்தார். ஐந்து ஒயர் சுத்தம். ஆறாவது கிட்டத்தட்ட சைபர், அதாவது எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

அது மாட்டுக்கொட்டகை லைன். மாட்டை விற்று இரண்டு வருஷம் ஆகிறது, அந்த எம்.சி.பி. அன்றிலிருந்தே இறங்கித்தான் கிடக்கிறது. அதனால் அதை யாரும் சந்தேகப்படவே இல்லை. கொட்டகையில் இரும்புப் பெட்டியைத் திறந்தால், எலி கடித்த நியூட்ரல், ஓட்டைக் கூரையிலிருந்து சொட்டிய தண்ணீரில் ஊறி, பெட்டிச் சுவரோடு ஒட்டியிருந்தது. பெட்டிக்கு எர்த் உண்டு.

"இதே எலி பேஸ் ஒயரைக் கடிச்சிருந்து, பெட்டிக்கு எர்த்தும் விட்டுப்போயி, யாராவது அந்த எம்.சி.பி.யை ஏத்தியிருந்தா?" என்றார் அண்ணன், அப்பாவைப் பார்த்து. அப்பா கூரையைப் பார்த்தார்.

லைனையே பிரித்துவிட்டோம். கீசர் காயிலுக்குக் கொடுத்த பணம் தண்டம்.

இப்போது மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்ப்பது அப்பாவின் வேலை. சரியாக அம்மா சீரியல் பார்க்கும் நேரத்தில்தான் அவருக்கு அது ஞாபகம் வருகிறது.