ஜெராக்ஸ் நோட்ஸை நம்பி மானிடவியல் படித்த கதை

வேதியியலில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு எம்.ஏ. மானிடவியல் சேரப் போகிறேன் என்றபோது, "அப்படின்னா என்னடா?" என்று கேட்டார் அப்பா. எனக்கும் சரியாகத் தெரியாது. மனிதனின் பரிணாமம், உறவுமுறை, வாழ்க்கைமுறை எல்லாவற்றையும் படிக்கும் துறை என்று பிறகுதான் தெரிந்தது. முதல் செமஸ்டர் முழுக்க ஒரு சீனியர் கொடுத்த ஜெராக்ஸ் நோட்ஸ்தான் கதி. நியாண்டர்தால் என்ற பண்டைய மனித இனத்தார் நம் முன்னோரோடு கலக்காமலே அழிந்தார்கள் என்று அதில் இருந்ததை இன்டர்னல் தேர்வில் அப்படியே எழுதினேன். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி வந்தது: "2010க்கு அப்புறம் எதுவும் படிக்கவில்லையா?"

அந்த வருடம்தான் மரபணு ஆய்வாளர் ஸ்வாந்தே பாபோவின் குழு நியாண்டர்தால் மரபணுத் தொகுப்பை வெளியிட்டது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களின் மரபணுவில் ஒன்று, இரண்டு சதவீதம் அவர்களுடையது. அதாவது நமக்கும் உண்டு. ஆகவே இந்தப் பாடத்தில் நோட்ஸ் கிடைத்தால் முதலில் அது எந்த வருடத்தது என்று பாருங்கள். சென்னைக்கு அருகே உள்ள நம் ஊர் அத்திரம்பாக்கத்துக்கும் இதே நிலைதான். அங்கு கிடைத்த பழைய கல் கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல்தான் கணித்தார்கள்.

புதைபடிவங்களின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். நான் செய்தேன், ஒரு வாரம்கூட நிற்கவில்லை. "முதலில் நடை, பிறகு மூளை" என்ற ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் மற்றதெல்லாம் தானாக ஒட்டியது. 1974இல் எத்தியோப்பியாவின் ஹடாரில் கிடைத்த 'லூசி' என்ற எலும்புக்கூட்டுக்கு 32 லட்சம் வயது. மூளை ஏறக்குறைய சிம்பன்சி அளவுதான், ஆனால் இடுப்பும் முழங்காலும் நிமிர்ந்து நடந்தவளுடையவை. அதற்கு ஐம்பது ஆண்டு முன்பே, 1924இல், தென்னாப்பிரிக்காவின் டாங் என்ற இடத்தில் கிடைத்த ஒரு குழந்தையின் மண்டையோடு, உடற்கூறியல் பேராசிரியர் ரேமண்ட் டார்ட்டின் கைக்கு வந்தது. தண்டுவடம் நுழையும் துளை பின்னால் தள்ளி இல்லாமல் அடியில் இருப்பதை வைத்து, இது நிமிர்ந்து நடந்த உயிர் என்றார் அவர். இங்கிலாந்தில் பலர் ஏற்கவில்லை. ஏனென்றால் 1912 முதல் அவர்களிடம் பெரிய மூளையும் குரங்குத் தாடையுமாக 'பில்ட்டவுன் மனிதன்' என்ற புதைபடிவம் இருந்தது, அதை வைத்து மூளைதான் முதலில் வளர்ந்தது என்று நம்பினார்கள். மனித மண்டையோட்டையும் ஒராங்குட்டான் தாடையையும் சேர்த்துச் செய்த மோசடி அது என்று 1953இல் அம்பலமானது. இந்தக் கதையை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தால் பரிணாமத்தில் பாதிக் கேள்விகளைச் சமாளிக்கலாம். அப்புறம், தவறியும் "மனிதன் குரங்கிலிருந்து வந்தான்" என்று எழுதிவிடாதீர்கள். நமக்கும் சிம்பன்சிக்கும் பொது மூதாதை என்று எழுதுங்கள்.

உறவுமுறைப் பாடத்தில் தமிழ் மாணவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். மற்றவர்கள் உருப்போடுகிற கோட்பாடு நமக்கு வீட்டுப் பேச்சு. சித்தப்பா மகள் தங்கை, மாமா மகள் முறைப்பெண். ஆங்கிலத்தில் இருவரும் 'கசின்'தான். 1871இலேயே அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் தமிழ் உறவுச் சொற்களையும் அமெரிக்காவின் செனக்கா பழங்குடியினரின் சொற்களையும் ஒப்பிட்டு அசந்துபோனார். அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு இதையே சான்றாகவும் காட்டினார். முடிவு சரிதான், சான்றுதான் செல்லாது. ஆணுக்கு முக்கோணமும் பெண்ணுக்கு வட்டமும் போட்டு உறவு வரைபடம் பழக, உங்கள் பாட்டியிடமிருந்து தொடங்குங்கள். எங்கள் பாட்டி ஒரே மத்தியானத்தில் ஐந்து தலைமுறை சொன்னார், நடுவில் இரண்டு சொத்துத் தகராறுகளோடு.

இன, உடல் அளவைப் பாடங்கள் வறட்சியானவை. தேர்வுக்கு வேண்டியதைப் படித்துவிட்டு நகருங்கள்.

களப்பணிக்கு நான் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் போனேன். கையில் நாற்பது கேள்விகள் கொண்ட தாள். எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மீன் வாங்க வந்த ஒரு அக்கா, "கேள்வி கேட்டுக்கினே நிக்காத தம்பி, இந்தக் கூடையைப் புடி" என்றார். பிடித்தேன். ஏலத்துக்கான பணம் யாரிடம் கடனாக வருகிறது, மீன் விற்காத நாளில் என்ன செய்வார்கள் என்று என் தாளில் இல்லாததெல்லாம் அப்போதுதான் வந்தது. களப்பணிக்குப் பெயர்போன மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி, பப்புவா நியூ கினி பக்கத்து ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் அத்தனை காலம் தங்கியதன் காரணம் வகுப்பில் புரியாதது, அங்கே புரிந்தது. களத்தில் எரிச்சல் வந்தால் பயப்படாதீர்கள். அவருக்கும் வந்தது, அவர் இறந்த பிறகு வெளியான நாட்குறிப்பே சாட்சி.

ஒன்று மட்டும், குறிப்பை அன்றைக்கே எழுதிவிடுங்கள், திரும்பும் பஸ்ஸிலாவது. ஞாயிற்றுக்கிழமை நிதானமாக எழுதலாம் என்று விட்டேன். அந்த அக்கா சொன்ன கடன் கணக்கு என் ரெக்கார்டில் இன்றும் பாதிதான் இருக்கிறது.