சித்திரை வார இறுதி: வானிலை அறிக்கையில் யாழ்ப்பாணத்துக்கு எந்த வரி?

சித்திரை மாத வெள்ளிக்கிழமைகளில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கை பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வரும். மேல், சப்ரகமுவ, மத்திய, ஊவா மாகாணங்களில் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை; ஏனைய பகுதிகளில் பிரதானமாகச் சீரான வானிலை. யாழ்ப்பாணம் அந்த 'ஏனைய பகுதி'க்குள் அடங்கிப்போகும். சனி, ஞாயிறில் ஒடியல் காயப்போட, வெங்காயம் கிண்ட, நெடுந்தீவுக்குப் போக நினைக்கிறவருக்கு அந்த ஒற்றை வரி காணாது.

மார்ச்சும் ஏப்ரலும் முதலாவது இடைப்பருவம். வாடை (வடகிழக்குக் காற்று) ஓய்ந்துவிட்டது, சோளகம் (தென்மேற்குக் காற்று) இன்னும் எழும்பவில்லை. தெற்கில் இரண்டு பக்கக் கடற்காற்றும் உள்ளே ஏறி, மலைச்சரிவில் மேலே தள்ளப்பட்டு, மத்தியானத்துக்குப் பிறகு இடிமுகிலாகிறது. குடாநாட்டில் மலை கிடையாது. எங்கே நின்றாலும் கடல் கிட்டத்தான். சூடேறிய நிலத்தைக் கடற்காற்று முற்பகலிலேயே வந்து தணித்துவிடுவதால் முகில் உயர்ந்து வளர வழி குறைவு.

ஆகவே இங்கே சித்திரை மழை பெரும்பாலும் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, வன்னியில் பின்னேரம் கட்டிய இடிமுகில், மேல்காற்று தெற்கிலிருந்து வீசினால் வடக்கே நகர்ந்து வருவது. மற்றது, வங்காள விரிகுடாப் பக்கம் ஒரு தாழமுக்கமோ குழப்பநிலையோ உண்டாவது. அறிக்கையில் இரண்டையும் பிரித்தறியலாம். 'வட மாகாணத்தில் பிற்பகலில்' என்றிருந்தால் முதலாவது. காலை வேலைகளை நம்பிக்கையோடு செய்யலாம். நேரம் சொல்லாமல் 'வடக்கு, கிழக்கு மாகாணங்களில் சில தடவைகள்' என்றிருந்தால் இரண்டாவது. விடியற்புறத்திலேயே மழை இறங்கலாம். அன்றைக்கு வெங்காயம் கிண்டக் கூடாது. கிண்டின வெங்காயம் நனைந்து, காயமுன் குவித்துக் கட்டப்பட்டால் கழுத்துப் பக்கத்தால் அழுகத் தொடங்கும்.

'சில இடங்களில் 75 மி.மீ.' என்ற வரியைப் பார்த்துவிட்டு, எல்லா ஊருக்கும் அவ்வளவு என்று எடுக்க வேண்டாம். ஓர் இடிமுகிலின் அகலம் சில கிலோமீற்றர்தான். சாவகச்சேரியில் வெள்ளம் நிற்க, கோப்பாயில் புழுதி பறக்கும். இதை எந்த நிலையத்தாலும் வெள்ளிக்கிழமையே ஊர் பிரித்துச் சொல்ல முடியாது.

கைபேசிச் செயலிகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. பல செயலிகள் எடுக்கும் ஜி.எஃப்.எஸ். என்ற அமெரிக்கக் கணினி வானிலை மாதிரியின் தரவில் கட்டம் ஒன்றின் அகலம் ஏறத்தாழ 28 கிலோமீற்றர். குடாநாட்டில் பல இடங்களின் வடக்குத் தெற்கு அகலம் அதைவிடக் குறைவு. நிலமும் கடலும் ஒரே கட்டத்தில் கலப்பதால் பகல் வெப்பம் குறைத்துக் காட்டப்படலாம். ஐரோப்பிய மாதிரியின் கட்டம் சுமார் 9 கிலோமீற்றர் என்பதால், காற்றின் திசையை அதில் பாருங்கள். இடிமழைப் படத்தை எதிலும் பெரிதாக எடுக்க வேண்டாம்.

அன்றன்றைக்கு உதவுவது, மழைமுகில் நிற்கும் இடத்தைக் காட்டும் இந்தியாவின் காரைக்கால் டொப்ளர் ராடர். இந்திய வானிலைத் துறையின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். யாழ்ப்பாணம் அங்கிருந்து ஏறத்தாழ 140 கிலோமீற்றர். அவ்வளவு தூரத்தில் கதிர் நிலத்திலிருந்து 2 கிலோமீற்றருக்கு மேலேதான் போகும். தாழ்ந்த தூறல் தவறிப்போகும், உயர்ந்த இடிமுகில் தப்பாது. அடுத்தடுத்த இரண்டு மூன்று படங்களில் கிளிநொச்சிப் பக்கத்துச் சிவப்புத் திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். வடக்கே வந்தால் ஒடியல் காயும் பாயைச் சுருட்டலாம். படத்தில் நேரம் யூ.ரி.சி. (உலகப் பொது நேரம்) என்றிருந்தால் ஐந்தரை மணித்தியாலம் கூட்டுங்கள். பழைய படத்தைப் பார்த்து ஏமாறுவது இதிலேதான்.

மழை பெய்தபின் கணக்கு இலகு. 1 மி.மீ. என்றால் ஒரு சதுர மீற்றருக்கு 1 லீற்றர். ஒரு பரப்புக் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர், 10 மி.மீ. பெய்தால் பரப்புக்கு 2,500 லீற்றர் சொச்சம். இந்த வெயிலில் நாளொன்றுக்கு 5 மி.மீ. அளவு ஆவியாகப் போகும் என்பதால், அந்த மழை இரண்டு நாள் இறைப்பை மிச்சப்படுத்தும். நேர்ச்சுவருள்ள ரின் ஒன்றை மரம், மதில் மறைக்காத இடத்தில் வைத்து அடிமட்டத்தால் அளந்தாலே போதும். எதிர்வுகூறலை மட்டும் நம்பி இறைப்பை நிறுத்த வேண்டாம். அளந்த பிறகு நிறுத்துங்கள். திணைக்களம் வெளியிடும் மழை அளவு காலை 8.30 வரையான 24 மணித்தியாலத்துக்கானது. சனிக்கிழமை காலை முடியும் கணக்கில் இருப்பது பெரும்பாலும் வெள்ளி பின்னேர மழை.

ஏப்ரல் 5 அளவில் தெற்கு முனையில் உச்சம் கொடுக்கும் சூரியன் 15 அளவில் யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே வருகிறது. அறிக்கையில் 33 பாகை என்பது நிழல் வெப்பம். ஈரப்பதன் 60 சதவீதமானால் உடம்புக்கு அது 40 பாகை போலிருக்கும், 70 ஆனால் 43. புதுவருடத்துக்கு வீட்டுக்கு வெள்ளை அடிப்பவர்கள் 11 மணிக்கு இறங்கிவிட்டு, 3 மணிக்குப் பிறகு ஏறலாம்.

மின்னலைத்தான் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். இடைப்பருவங்களில் அதன் சேதம் அதிகம். மின்னி 30 செக்கனுக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீற்றருக்குள். உடனே தோட்டத்தை விட்டு வீட்டுக்குள் போங்கள், பனையடியில் ஒதுங்க வேண்டாம். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழியும்வரை வெளியே வரக் கூடாது. குறிகட்டுவானில் படகேறுகிறவர்கள் தரை அறிக்கையோடு நிற்காமல் கடற்பிராந்திய அறிக்கையையும் பார்க்க வேண்டும். காற்று மணிக்கு 20, 25 கிலோமீற்றர் என்று சாதாரணமாகப் போட்டிருந்தாலும், இடிமழையின்போது தற்காலிகமாகப் பலத்த காற்று வீசும் என்ற வரி கீழே இருந்தால், காலைப் படகில் போய் 2 மணிக்கு முன் திரும்புகிற மாதிரிப் பயணத்தை வையுங்கள்.