எந்த உச்சரிப்பில் கேட்பது?

வங்காளச் சொற்களைச் சரியாக உச்சரிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குப் பயம்தான் காரணம். வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜ்களில் தங்கி மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வருகிற வங்காள மொழிக்காரர்கள் சொல்வதைக் கேட்டு மருத்துவரிடம் எடுத்துச் சொல்வது என் வேலை. நாம் ‘கா’ என்று ஒரே எழுத்தால் எழுதிவிடும் ஒலி, அவர்கள் வாயில் மென்மையாக வந்தால் உடம்பைக் குறிக்கும். அதே மென்மையோடு மூச்சும் சேர்ந்து வந்தால் புண்ணைக் குறிக்கும். ‘ஜொர்’ என்பதை வாய் திறந்து சொன்னால் காய்ச்சல், உதட்டைக் குவித்துச் சொன்னால் வலு. ‘பாத்’ என்றால் சோறா, மூட்டுவாதமா என்பதும் முதல் எழுத்தில் மூச்சு கலந்திருக்கிறதா என்பதைப் பொறுத்ததே. வேலூரில் இந்த வேலைக்கு வரும் எவரும் முதல் வாரத்திலேயே தமிழ் எழுத்தில் குறிப்பெடுக்கத் தொடங்கி, அது உதவாது என்று கைவிட்டுவிடுவார்கள்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மேற்கு வங்கத்துப் பர்த்தமானிலிருந்து வந்து எங்களோடு பணியாற்றிய ஒரு மூத்த செவிலியர். எல்லோருக்கும் அவர் திதி, அதாவது அக்கா. உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, சூடான காற்று கையில் படும்வரை அந்த மூச்சு கலந்த ஒலியைச் சொல்ல வைப்பார். கோப்பில் லக்ஷ்மி என்று எழுதியிருந்தாலும் லொக்கி என்று கூப்பிட வேண்டும், விஸ்வநாத்தை பிஷ்ஷொநாத் என்று கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் காத்திருக்கும் கூட்டத்தில் அந்த மனிதர் தலைநிமிர மாட்டார் என்பதெல்லாம் அவர் சொல்லித் தெரிந்தவை. சகரம் மூன்று விதமாக எழுதப்பட்டாலும் பெரும்பாலும் ‘ஷ’ என்றே ஒலிக்கும்; ‘அ’ என்று எழுதியிருப்பது, அடுத்து இகரமோ உகரமோ வந்தால் ‘ஓ’ பக்கம் சாய்ந்துவிடும். இந்த ஒழுங்குகள் பிடிபட்டபோது எனக்கு உண்மையான மகிழ்ச்சி ஏற்பட்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் தெளியவில்லை.

வங்கதேசத்தின் சில்ஹெட்டிலிருந்து ஒரு தாயும் மகனும் வந்திருந்தார்கள். அந்த அம்மாவுக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டியிருந்ததால், சாப்பிட்டுவிட்டாரா என்று உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. திதி கற்றுத்தந்தபடி, மூச்சொலி பிசகாமல் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் மகனைப் பார்த்தார். சில்ஹெட், அஸ்ஸாமின் சில்சார் பக்கத்து மக்கள் அந்த மூச்சொலியை விட்டுவிட்டுப் பேசுவதைப் பலமுறை கேட்டிருந்ததால், “பாத் காய்ஸொயின் நி, காலா?” (சோறு சாப்பிட்டீர்களா, சித்தி?) என்று அவர்கள் பேச்சிலேயே மறுபடி கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. நேற்று இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்லி, கேட்காத விவரங்களையும் சேர்த்துச் சொன்னார். மகன் மட்டும், தாய் உள்ளே போகும்வரை காத்திருந்து, “எங்களோடு சுத்த பாஷையிலேயே பேசுங்கள், பாய் (சகோதரரே)” என்றார். குரலில் கோபம் இல்லை. சரி என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

கேள்வியின் நோக்கம் நிறைவேறியது என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். நோயாளிக்குப் புரியாத சுத்தமான உச்சரிப்பைவிட அவருக்குப் புரிகிற உச்சரிப்பே மருத்துவமனையில் சரியானது என்பதை இன்றும் மறுக்க மாட்டேன். ஆனால் நாகர்கோவில்காரரைப் பார்த்ததும் சென்னைக்காரர் ஒருவர் நாகர்கோவில் தமிழை இழுத்துப் பேசிக்காட்டினால், அது நட்பா கேலியா என்பதைக் கேட்கிறவர்தானே முடிவு செய்ய வேண்டும்? சில்ஹெட் 1874இல் வங்காளத்திலிருந்து பிரிக்கப்பட்டு அஸ்ஸாமோடு சேர்க்கப்பட்ட பகுதி. 1947இல் வாக்கெடுப்புக்குப் பிறகு அதன் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போனது. அதன் ஒரு பகுதியான கரீம்கஞ்ச் இந்தியாவில் நின்றது. தனக்கென நாகரி வகை எழுத்தே இருந்த அந்தப் பேச்சை, மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்துப் பேச்சின் அடிப்படையில் வளர்ந்த பொது வங்காளத்தைப் பேசுகிறவர்கள் கொச்சை என்று கருதுவது நெடுநாள் வழக்கம். அந்த இளைஞர் எங்கே, யாரிடம், எத்தனை முறை அந்தச் சிரிப்பைக் கேட்டிருப்பார் என்பது எனக்குத் தெரியாது. தாயை நோயாளியாக அழைத்துக்கொண்டு அயல்நாட்டுக்கு வந்த இடத்தில், எல்லோரிடமும் பேசப்படும் அதே மொழியில் தங்களிடமும் பேச வேண்டும் என்று அவர் எதிர்பார்த்ததில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் தாயின் முகம் மலர்ந்ததை எந்தக் கணக்கில் வைப்பது?

பின்னால் ஒரு விஷயம் தெரிந்தது. சில்சாரிலிருந்து சிகிச்சைக்கு வந்த ஓர் ஆசிரியர், மூச்சொலி போன இடத்தில் அவர்கள் பேச்சில் ஒரு தொனி வந்து அமர்ந்திருக்கிறது என்றார். சோற்றைக் குறிக்கும் பாத் உயர்ந்த தொனியில் வரும். வாதத்தைக் குறிப்பது தாழ்ந்து வரும். அவர் இரண்டையும் மாறி மாறிச் சொன்னார். வேறுபாடு என் காதுக்கு மெல்லத்தான் எட்டியது. நான் அந்த அம்மாவிடம் கேட்டபோது தொனி உயர்ந்திருந்ததா என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். உயர்ந்திருக்க வழியில்லை என்றே தோன்றுகிறது. தாய்க்கு இடம் பார்த்துப் பொருள் விளங்கியிருக்கும். மகன் காதில் தன் மொழியின் தேய்ந்த நகல் ஒன்று விழுந்திருக்கும். அல்லது, தொனி சரியாக இருந்திருந்தாலும் அவர் அதையேதான் சொல்லியிருப்பார்.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். உள்ளங்கையை வாய்க்கு நேரே வைக்கச் சொல்கிறேன், பொது உச்சரிப்பையே பயிற்றுவிக்கிறேன், யாருடைய வட்டார வழக்கையும் நாமாக எடுத்துப் பேசக் கூடாது, கேட்டுப் புரிந்துகொண்டால் போதும் என்று கண்டிப்பாகவும் சொல்கிறேன். சில்ஹெட் பக்கத்து முதியவர்கள் துணையின்றி வந்து என் கேள்வி விளங்காமல் விழிக்கும்போது மட்டும், அந்த உயர்ந்த தொனியை முயன்று பார்த்தபடி, அவர்கள் பேச்சிலேயே கேட்கிறேன். பயிற்சிக்கு வந்தவர்கள் அருகில் இருந்தாலும் அப்படித்தான் கேட்கிறேன்.