கீரிப்பாறைச் சேற்றில் ஒரு மதியம்

பூதப்பாண்டியைத் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. தடிக்காரன்கோணத்தில் தேநீருக்கு நிறுத்தியபோது மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளைதான் தெரிந்தது. தென்மேற்குப் பருவமழையிலும் நனைந்து, வடகிழக்குப் பருவமழையிலும் நனைகிற கன்னியாகுமரி மாவட்டம் இது. ரப்பர்த் தோட்டங்களுக்குள் ஓடும் மண்பாதைகள் நன்றாகக் காய்வதற்கு வருடத்தில் சில மாதங்களே கிடைக்கின்றன. அதெல்லாம் தெரிந்துதான் நான், அக்கா, அத்தான், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேரும் ஓடையும் காளி கோயிலும் உள்ள காளிகேசத்துக்குக் கிளம்பியிருந்தோம்.

கீரிப்பாறைக்கு அப்பால் இருபுறமும் ரப்பர் மரங்கள். மழைக்காலம் என்பதால் ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்தார்கள். அதன் கீழே பால் வடியும் சிரட்டை. அக்காள் பிள்ளைகள் அதை எண்ணிக்கொண்டு வந்தபோது எதிரே ரப்பர் தடி ஏற்றிய லாரி வந்தது. அத்தான் வழிவிட இடது பக்கம் ஒதுங்கினார். ஓரம் உறுதியாகத்தான் தெரிந்தது. புல்லுக்குக் கீழே இருந்ததோ ஊறிய செம்மண். இடது பக்கச் சக்கரங்கள் இரண்டும் இறங்கின. அவர் மூன்று தடவை ஆக்சிலரேட்டரை மிதிக்க, சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டது. இறங்கிப் பார்த்தால் வண்டியின் அடிவயிறு சேற்றில் படிந்திருந்தது.

நம் ஊரில் ஒரு வண்டி சிக்கிக்கொண்டால் உதவிக்கு ஆள் கேட்க வேண்டியதில்லை. பின்னால் வந்த சுற்றுலா வேனிலிருந்து ஏழெட்டுப் பேர் இறங்கிவிட்டார்கள். வேன் கூரையில் பெட்டிகளைக் கட்டியிருந்த பச்சை நைலான் கயிற்றை ஓர் இளைஞர் அவிழ்த்துக்கொண்டு வந்து, குனிந்து, எங்கள் காரின் அடியில் கைக்கு எட்டிய ஒரு கம்பியில் கட்டப் போனார். பிள்ளைகள் இருவரும் மூன்றடி தள்ளி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, கொஞ்சம் பொறுங்கள்" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் சங்குத்துறைக் கடற்கரையில் மணலில் புதைந்த ஒரு ஜீப்பை வேறொரு வண்டி இழுத்ததை அருகிலிருந்து பார்த்தேன். டயர் காற்றை வழக்கமான 32 பவுண்டிலிருந்து 18-க்கு இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலைக் கையால் அள்ளியிருந்தாலே அது ஏறி வந்திருக்கும். காற்று இறங்கினால் டயர் தரையில் அகலமாகப் படிந்து மணலின் மேலேயே உருளும். அதைச் செய்ய யாருக்கும் பொறுமை இல்லை. வெயிலில் பல காலம் கிடந்து வெளுத்த படகுக் கயிற்றைக் கட்டி, தொய்வு விட்டு, ஓடி வந்து வெடுக்கென்று இழுத்தார்கள். கயிறு அறவில்லை. கொக்கிதான் பிய்த்துக்கொண்டது. இழுத்த வண்டியின் பின்கண்ணாடியை உடைத்து உள்ளே போய், முன்னிருக்கையின் முதுகில் குத்தி நின்றது. அந்தப் பின்னிருக்கையில் அப்போது யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அன்று முதல், இழுபடும் கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு குழந்தையைப் பார்த்தால் என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

நைலான் நீளக்கூடியது. வண்டி மீட்புக்கென்றே செய்கிற நைலான் கயிறுகள் சுமையில் 20 முதல் 30 சதவீதம் வரை நீளும். உண்டிவில்லின் ரப்பரைப் போல அந்த நீட்டத்தில் சக்தி சேர்ந்து நிற்கும். எந்த முனை முதலில் விடுகிறதோ, அந்த முனையில் இருக்கும் இரும்பு கல்லாகப் பறக்கும். டிரெய்லர் பூட்டுவதற்காகப் பின்னால் பொருத்தியிருக்கும் உருண்டைக் குமிழில் கயிற்றை மாட்டவே கூடாது என்பது இதனால்தான். அந்தக் குமிழ் முறிந்து பறந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் அந்த இளைஞருக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ரப்பர் பால் கேன்களை இறக்கிவிட்டுத் திரும்பும் பழைய ஜீப் ஒன்று வந்து நின்றது. ஓட்டியவருக்கு அறுபது வயது இருக்கும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கயிறு எங்கே என்று அவர் கேட்கவில்லை.

"மக்களே, மண்வெட்டி இருக்கிறதா?"

இருந்தது. நான் போகும் காரின் டிக்கியில் ஒரு சிறிய மண்வெட்டியும், 5 மீட்டர் நீளமுள்ள இழுவைப் பட்டையும், அதை மாட்டுவதற்கான குறுக்காணி போட்ட இரண்டு இரும்பு வளையங்களும் (ஷேக்கிள்) எப்போதும் கிடக்கும். அவர் மண்வெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டார். "சுசீந்திரத்தில் மார்கழித் தேர் நகராமல் நின்றால் வடத்தையா குறை சொல்வார்கள்? சக்கரத்துக்குக் கீழே என்ன கிடக்கிறது என்றுதானே பார்ப்பார்கள்" என்று சொல்லிக்கொண்டே குழிக்குள் இறங்கினார்.

அரை மணி நேரம் மண் அள்ளினோம். சக்கரங்களுக்குப் பின்னால் சரிவாக வெட்டி, அடிவயிற்றில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் குடைந்து எடுத்து, வெட்டிய சரிவில் கல்லும் காய்ந்த ரப்பர்க் கிளைகளும் பரப்பினோம். இந்த அரை மணி நேரத்தைத்தான் எல்லோரும் மிச்சப்படுத்தப் பார்க்கிறார்கள். ராணுவ வாகன மீட்புக் கையேடுகளில் ஒரு கணக்கு உண்டு. சக்கரம் அளவுக்குப் புதைந்த வண்டியை இழுக்க ஏறத்தாழ அதன் எடைக்குச் சமமான விசை வேண்டும். சக்கரத்துக்கு மேலிருக்கும் மட்கார்டு வரை புதைந்தால் இரண்டு மடங்கு. அதற்கும் மேலே போனால் மூன்று மடங்கு. எங்கள் கார் ஆட்களோடு ஒரு டன்னுக்குச் சற்றுக் கூடுதல். மண்வெட்டி குறைத்துக் கொடுக்கும் ஒவ்வொரு கிலோவும் கயிற்றின் மேல் விழாத கிலோ.

பிறகுதான் எதில் மாட்டுவது என்ற பேச்சு வந்தது. பின் பம்பரில் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு சதுர மூடி இருக்கிறது. அதை நெம்பி எடுத்தால் உள்ளே மரை வெட்டிய துளை. அதில் முடுக்கும் வளையம் ஸ்டெப்னிக்குக் கீழே, ஜாக்கியோடு கிடக்கும். அத்தான் இந்தக் காரை நான்கு வருடமாக ஓட்டுகிறார். அந்த வளையத்தை அன்றுதான் கையில் எடுத்தார். உங்கள் வண்டியிலும் இன்றே தேடிப் பாருங்கள். சில வண்டிகளில் இடப்பக்கமாகச் சுற்றினால்தான் மரை ஏறும். கடைசிவரை ஏற்றி, வீல் ஸ்பேனரின் தண்டை உள்ளே விட்டு முடுக்க வேண்டும். அரைகுறையாக ஏறிய மரை பிய்த்துக்கொண்டு வரும். வளையம் நேராக இழுப்பதற்கு மட்டுமே செய்தது. பக்கவாட்டில் கோணலாக இழுத்தால் வளைந்துவிடும். அதனால் ஜீப் எங்கள் காருக்கு நேர் பின்னால், வந்த வழியிலேயே, சரளைமண் மேல் நின்றது. வந்த பாதை கெட்டியானது என்று நமக்கு ஏற்கெனவே தெரியும் அல்லவா.

ஜீப்பில் சங்கிலியும் இருந்தது. மரத்தடி இழுக்க வைத்திருக்கிறார். அதைக் கண்ணி கண்ணியாக விரலால் உருட்டி எனக்குக் காட்டினார். 10 மில்லிமீட்டர் தடிமன். சில கண்ணிகளுக்கு ஒன்றில் தரத்தைக் குறிக்கும் '8' பொறித்திருந்தது. அந்தத் தரமும் தடிமனும் உள்ள சங்கிலிக்குப் பாதுகாப்பான வேலைச்சுமை 3.15 டன். கடையில் எடைக்கு விற்கும் சங்கிலியில் இப்படி எதுவும் பொறித்திருக்காது. அதை வண்டி இழுக்க நம்பக் கூடாது. சங்கிலி நீளாது. அதனால் வெடுக்கென்று இழுத்தால் அதிர்ச்சி முழுவதும் ஒரே ஒரு கண்ணியில் போய் விழும். முறுக்கு இல்லாமல், முடிச்சு இல்லாமல், தொய்வை மெல்ல எடுத்து, அங்குலம் அங்குலமாக இழுக்க வேண்டும்.

"இதற்கு உங்கள் பட்டையே போதும்" என்று சங்கிலியைத் திரும்ப வைத்துவிட்டார். வேன் கயிற்றையும் பட்டையையும் நடுவில் ஷேக்கிள் போட்டு இணைத்தால் நீளம் கிடைக்குமே என்று ஒருவர் யோசனை சொன்னார். நடுவே ஓர் இரும்புத் துண்டு தொங்குவதை நாங்கள் இருவருமே ஒப்புக்கொள்ளவில்லை. ஜீப்பையே இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தார். வளையத்தில் மாட்டிய ஷேக்கிளில் 3.25 டன் என்று பொறித்திருக்கிறது. மறுமுனை ஜீப்பின் சட்டத்தில் போல்ட் போட்ட கொக்கியில்.

நனைந்த சாக்கு ஒன்றைப் பட்டையின் நடுவில் போட்டேன். அறுந்தால் வீச்சை அது தரையை நோக்கி அமுக்கும். பட்டையின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்குக்குள், அதாவது ஏழரை மீட்டருக்குள், ஓட்டுநர்களைத் தவிர யாரும் நிற்கக் கூடாது. பட்டையின் நேர்கோட்டில் எவ்வளவு தொலைவிலும் நிற்கக் கூடாது. அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேட்டில் மரங்களுக்குப் பின்னால் போய்விட்டாள். சைகை காட்ட நான் ஒருவன் மட்டும், பக்கவாட்டில் தள்ளி.

ஜீப் தாழ்ந்த கியரில் நகர்ந்தது. பட்டை தரையை விட்டு எழுந்து நிமிர்ந்தது. துணியைப் பிழிந்ததுபோல் அதிலிருந்து செந்நீர் சொட்டியது. அத்தான் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ரிவர்ஸ் கியரில் சக்கரத்தைச் சுழலவிடாமல் மெதுவாகக் கொடுத்தார். இரண்டு மூன்று நொடிகள் எதுவும் அசையவில்லை. பிறகு சேறு வாய் திறந்து விடுகிற சத்தம். கார் கிளைகளின் மேல் ஏறி, ஆடி, சரளைக்கு வந்து நின்றது. ஓடிவரப் பார்த்த பிள்ளைகளை, ஜீப் பின்னுக்கு வந்து பட்டை தொய்ந்து தரையில் படுக்கும்வரை அக்கா விடவில்லை.

பெரியவர் பணம் வாங்க மறுத்துவிட்டார். எங்கள் பையிலிருந்த மட்டிப்பழத்தில் இரண்டு எடுத்துக்கொண்டார். நாங்கள் காளிகேசம் போய்ச் சேர்ந்தபோது நேரமாகிவிட்டது; ஓடைத் தண்ணீரில் கால் நனைத்து, காளியைக் கும்பிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் நாகர்கோவிலில் வீட்டு முற்றத்தில் பட்டையை அலசினேன். இழைக்குள் புகுந்த மணல் காய்ந்தால் உள்ளிருந்தே அறுக்கும் என்பதால் மூன்று வாளித் தண்ணீர் மாற்றினேன். நிழலில் விரித்துப் போட்டு விரலை ஓட்டிப் பார்த்தபோது, கண்போல் மடித்துத் தைத்த முனைக்குப் பக்கத்தில், விளிம்பில், நகக்கண் அளவுக்கு ஒரு வெட்டு தட்டுப்பட்டது. வேறு யாரும் எடுத்துக் கட்டிவிடாதபடி அதை மூன்று துண்டாக நறுக்கிக் குப்பையில் போட்டேன். புதியது வாங்கி வைத்த பிறகே காரை வெளியே எடுத்தேன்.