‘ரத்து செய்யவா?’ என்ற கேள்விக்கு இரண்டு பொத்தான்கள்

மளிகைக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றுக்குத் தமிழ் வாசகங்கள் எழுதினேன். முதல் பதிப்பு போன சில நாளில் ஒரு கடையிலிருந்து போன். ரத்து செய்த பில்லெல்லாம் கணக்கில் அப்படியே நிற்கிறதாம், ராத்திரி கல்லாப் பணம் ஒத்துவரவில்லையாம். நிரலில் தேடிப் பார்த்தோம், பிழை இல்லை.

கடைக்கே போய், கவுண்ட்டரில் இருந்த அக்காவின் பக்கத்தில் நின்றேன். ‘இந்த பில்லை ரத்து செய்யவா?’ என்று திரையில் ஒரு பெட்டி கேட்டது. கீழே ‘சரி’, ‘ரத்து’. அவர் தயங்காமல் ‘ரத்து’ என்பதை அழுத்தினார். பெட்டி மூடிக்கொண்டது, பில் தங்கிவிட்டது.

“ரத்து பண்ணணும்னா ரத்தைத்தானே தம்பி அமுக்கணும்?”

அவர் செய்தது முழுக்க நியாயம். தவறு என் சொல்லில் இருந்தது.

‘ஆம்’, ‘இல்லை’ என்று மாற்றினேன். குழப்பம் தீர்ந்தது, ஆனால் உறுத்தியது. ‘காபி போடவா?’ என்று வீட்டில் கேட்டால் ‘இல்லை’ என்றா சொல்கிறோம்? ‘போடு’, அல்லது ‘வேண்டாம்’. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே ‘நோ’. தமிழில் ‘இல்லை’ வேறு, ‘வேண்டாம்’ வேறு. பெட்டியில் கணினி கேட்கிறது, பொத்தானில் நாம் பதில் சொல்கிறோம். அதனால் ‘நீக்கவும்’ என்று நான் மரியாதைக்காக எழுதியிருந்ததெல்லாம் ‘நீக்கு’ ஆனது. கணினிக்கு எதற்கு ‘வும்’?

பெட்டிகளில் ‘கேன்சல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘ரத்து’ என்று இருந்ததை ‘வேண்டாம்’ ஆக்கியதும் புதுச் சிக்கல் வந்தது. மொழிபெயர்ப்புகளைச் சேர்த்து வைக்கும் கெட்டெக்ஸ்ட் (gettext) கோப்பில் ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே பதிவுதான். பில்லை ரத்து செய்யும் மெனுவிலும் ‘வேண்டாம்’ என்று வந்துவிட்டது! நிரலாளரிடம் சொல்லி இரண்டுக்கும் தனித்தனிச் சூழல் குறிப்பு போட வைத்தேன்.

ஆட்களிடம் காட்டாமல் எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதில் இப்போது உறுதியாக இருக்கிறேன். ஆப்பிளின் லிசா கணினியில் முதலில் ‘டூ இட்’ (Do It) என்றுதான் பொத்தான் இருந்தது. சோதனையில் ஒருவர் அதை முட்டாள் என்று பொருள்படும் ‘டோல்ட்’ (dolt) என்று வாசித்த பிறகே ‘ஓகே’ வந்தது.

அடுத்த முறை அக்காவிடம் காட்டியபோது பெட்டியில் பில் எண்ணும் தொகையும் இருந்தன. கீழே ‘ரத்து செய்’, ‘பில் இருக்கட்டும்’. ‘இருக்கட்டும்’ அவர் வாயிலிருந்து எடுத்த சொல். படித்ததும் சரியாக அழுத்தினார்.

‘சேமிக்காமல் மூடு’ மட்டும் பொத்தானுக்குள் அடங்கவில்லை. சொல்லைச் சுருக்க எனக்கு மனமில்லை, பொத்தானை அகலப்படுத்தச் சொல்லியிருக்கிறேன்.