கால் எட்டைக் குறைத்தேன், வேகம் கூடியது

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, மெரினாவில் கலங்கரை விளக்கத்திலிருந்து உழைப்பாளர் சிலை வரை ஓடித் திரும்பிக் கொண்டிருந்தபோது, வலது முழங்கால் சில்லின் கீழ் ஊசி ஏற்றியதைப் போல ஒரு வலி எழுந்தது. அதற்கு முந்தைய ஓராண்டிலேயே கணைக்கால் எலும்பின் உட்புறம் இருமுறை வலித்து, இருமுறையும் இரண்டு வாரம் ஓய்வெடுத்துத் தேறியிருந்தேன். ஓய்வு வலியைத் தணித்ததே ஒழிய, வலி வந்த காரணத்தைத் தொடவில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

முழங்காலை அழுத்தியும் மடக்கியும் பார்த்த இயன்முறை மருத்துவர், எலும்பிலும் மூட்டிலும் பழுதில்லை என்று சொல்லிவிட்டு, "நீங்கள் ஓடுவதைப் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் கைபேசியில் படம் பிடித்து வாருங்கள்" என்றார். நண்பர் ஒருவர் எடுத்துத் தந்த அந்தக் காணொளியை வேகம் குறைத்து ஓட்டிப் பார்த்தபோது, இத்தனை ஆண்டுகளாக என் கால் என்ன செய்து வந்தது என்பதை முதன்முறையாகக் கண்டேன். முன்செல்லும் கால், இடுப்புக்கு நேர்கீழே இறங்காமல், ஒன்றரை அடி முன்னால் நீண்டு, முழங்கால் ஏறக்குறைய விறைத்த நிலையில், விரல்கள் வானம் பார்க்க, குதிகாலால் தரையை ஓங்கி அடித்தது. அடித்த கணத்தில் உடல் முழுவதும் சற்றே பின்வாங்கி, பிறகுதான் அந்தக் காலைத் தாண்டி முன்னேறியது. நீளமாகக் கால் வைத்தால் வேகம் கூடும் என்று நம்பி, நானே ஒவ்வோர் அடியிலும் பிரேக் பிடித்துக் கொண்டிருந்திருக்கிறேன்.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் தரை நம் உடலெடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசையைத் திருப்பித் தருகிறது. முழங்கால் சற்று மடிந்திருந்தால் தொடைத் தசைகள் சுருள்வில்லைப் போல அந்த விசையை வாங்கிக்கொள்ளும். விறைத்திருந்தால் அதிர்ச்சி நேரே எலும்புக்கும் மூட்டுக்கும் ஏறும். நிமிடத்திற்கு 158 அடிகள் வைத்து ஓடிய நான், ஒரு மணி நேரத்தில் 9,480 முறை அவ்வாறு தரையை அடித்திருக்கிறேன் என்று கணக்கிட்டபோது, முழங்கால் வலித்ததில் வியப்பேதும் தோன்றவில்லை.

அடிகளின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசும் எவரும் 180 என்ற எண்ணைச் சொல்லாமல் இருப்பதில்லை. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில், பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் நெடுந்தூர வீரர்களின் அடிகளை எண்ணிப் பார்த்து, ஏறத்தாழ அனைவருமே நிமிடத்திற்கு 180 அல்லது அதற்கு மேல் வைத்ததைக் கண்டார். அவர்கள் பந்தய வேகத்தில் ஓடிய உலகத் தரத்து வீரர்கள் என்பதை மறந்துவிட்டு, மெதுவாக ஓடும் எல்லோரும் அந்த எண்ணைப் பிடித்துத் தொங்குவது சரியன்று என்பது என் உறுதியான எண்ணம். எனக்குப் பயன்பட்டது வேறொரு ஆய்வு. அதே வேகத்தில் ஓடிக்கொண்டு, அடிகளின் எண்ணிக்கையை மட்டும் 5 முதல் 10 விழுக்காடு கூட்டினால், முழங்காலும் இடுப்பும் தாங்கும் சுமை கணிசமாகக் குறைகிறது என்று விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். என் கணக்கில் அது 158இலிருந்து 168. அதே வேகத்தில் என் எட்டு (ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைப்பட்ட தூரம்) 99 சென்டிமீட்டரிலிருந்து 93ஆகக் குறைய வேண்டும்; அதாவது வெறும் மூன்று விரற்கடை.

அந்த மூன்று விரற்கடையைக் குறைக்க எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. கைபேசியில் தாளம் தட்டும் செயலி ஒன்றை 168இல் வைத்து, முதல் இரு வாரங்கள் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒரு கிலோமீட்டர் மட்டும் அதற்கேற்பக் கால் வைத்தேன். மீதித் தூரத்தைப் பழைய நடையிலேயே ஓடினேன். கெண்டைக்கால் முறுக்கிக்கொண்ட நாட்களில் தாளத்தையே தொடவில்லை. இந்த நிதானம் தேவை என்பதற்குக் காரணம் உண்டு. 2010இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் டேனியல் லீபர்மன், வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குவதையும், அதனால் குதிகாலில் எழும் திடீர் மோதல் இல்லாமற்போவதையும் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதினார். அதைக் கேள்விப்பட்டு ஒரே வாரத்தில் முன்பாதத்துக்கு மாறிய பலர் கெண்டைக்காலிலும் குதிநாணிலும் காயம் தேடிக்கொண்டார்கள். சுமை மறைந்துவிடுவதில்லை, முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இடம் மாறுகிறது. பாதத்தின் எந்தப் பகுதி முதலில் தரையைத் தொடுகிறது என்பதை நான் திருத்த முயலவே இல்லை. கால் இடுப்புக்கு அருகில் இறங்கத் தொடங்கியதும், குதிகாலின் அடி தானாகவே மெலிந்தது. முன்பு தொப் தொப்பென்று எனக்கே கேட்ட காலடி ஓசை, இப்போது அலையோசையில் கரைந்துவிடுகிறது.

உடல் நிலையை எனக்குக் கற்பித்தவர் நொச்சிக்குப்பம் பக்கம் மீன்கூடையைத் தலையில் சுமந்து வேகமாக நடந்து சென்ற ஒரு பெண்மணி. தலை துளியும் ஆடவில்லை, பார்வை இருபது அடிக்கு முன்னால் இருந்தது, முதுகு நிமிர்ந்திருந்தது, எட்டுகள் குறுகி, விரைந்து விழுந்தன. நானோ கால்விரலைப் பார்த்தபடி, இடுப்பை மடித்துக் குனிந்து ஓடிக்கொண்டிருந்தேன். நாலைந்து கிலோ எடையுள்ள தலை முன்னால் தொங்கினால், கழுத்தும் முதுகும் ஓட்டம் முடியும்வரை அதை இழுத்துப் பிடித்தாக வேண்டும். முன்சாய்வு வேண்டும்தான், ஆனால் அது கணுக்காலிலிருந்து தொடங்கி உடல் முழுவதும் ஒரே கோடாகச் சாய்வதாக இருக்க வேண்டும்.

இதையும் சொல்லியாக வேண்டும். ஓட்டம் அழகாகத் தெரிவதற்காக இதில் எதையும் செய்யத் தேவையில்லை. பிரிட்டனின் நெடுந்தூர வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் தலையை ஆட்டி ஆட்டி ஓடித்தான் 2003இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 நொடிகளில் முடித்து உலக சாதனை படைத்தார். வலியின்றி ஓடும் ஒருவர், யாரோ சொன்னார்கள் என்று நடையை மாற்றத் தொடங்கினால் இல்லாத வலியை வரவழைத்துக்கொள்வார்.

பின்னாலிருந்து எடுத்த காணொளி காட்டிய குறை வேறு. வலது காலில் நிற்கும் ஒவ்வொரு முறையும் இடது இடுப்பு ஒரு விரல் அளவு கீழே இறங்கி, வலது முழங்கால் உள்நோக்கிச் சரிந்தது. நாள் முழுவதும் நாற்காலியில் இருப்பதால் தளர்ந்துபோன வலப்புற இடுப்புத் தசைதான் இதற்குக் காரணம் என்றும், தாளம் தட்டி இதைத் திருத்த முடியாது, வலுவேற்றித்தான் திருத்த வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார்.

64 நிமிடங்கள் எடுத்த 10 கிலோமீட்டரை இப்போது 59இல் ஓடுகிறேன், முழங்கால் வலி திரும்பவில்லை. ஆயினும் எட்டாவது கிலோமீட்டரைத் தாண்டிக் களைக்கும்போது இடுப்பு மீண்டும் சற்றே இறங்குவது போன வாரம் எடுத்த காணொளியில் தெரிகிறது. ஆகவே இந்த மாதம் தூரத்தைக் கூட்டாமல், வாரம் மூன்று நாட்கள் மாடிப்படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மறுகாலை மெல்லத் தாழ்த்தி உயர்த்தும் பயிற்சியைச் செய்து வருகிறேன்.