ஊதா ஒயரில் 4.2 வோல்ட்

அப்பாவின் கணினி 2009-இல் வாங்கியது. கோர் 2 டுயோ, 1 ஜி.பி. ரேம் இரண்டு, 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஆச்சி பாடிய கும்மிப் பாட்டுகளையும் தாலாட்டுகளையும் அதில்தான் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஏற்றினார். நூற்றுப் பத்துப் பாட்டு ஏறியிருந்தது. கண் அறுவைச் சிகிச்சை, வீடு மாற்றம் என்று மூன்று வருஷம் அதை யாரும் தொடவில்லை. போன மாதம் தூசி தட்டி மாட்டி பட்டனை அழுத்தினால், உள்ளே ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினால் அதுவும் இல்லை.

கடைக்கு எடுத்துப் போனேன். பத்து நிமிடத்தில் ‘போர்டு போயிருச்சு, இதுக்கு இனிமே போர்டு கிடைக்காது, புதுசா வாங்கிக்கங்க’ என்றார்கள். திறந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினேன். ஹார்ட் டிஸ்க்கை யு.எஸ்.பி.யில் மாட்டும் சாட்டா–யு.எஸ்.பி. கேபிள் ஒன்று வாங்கி லேப்டாப்பில் மாட்டி எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். பழைய கணினியில் கை வைக்கப் போகிறவர்கள் எல்லாரும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். தரவு பத்திரமானால் பயமில்லாமல் நோண்டலாம். டிஸ்க் நல்லபடியாகப் படித்தது. கோப்பைத் திறந்தால் ஒரு வரி தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஓடியது. அப்பா, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும் பாமினி எழுத்துருவில் அடித்தவர். அதில் மெய்யெழுத்தின் புள்ளி ஒவ்வொன்றும் உண்மையில் ஓர் அரைப்புள்ளி. அதே டிஸ்க்கில் விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்த பாமினியையும் எடுத்துப் போட்டபின் பாட்டுகள் திரும்பி வந்தன.

“பாட்டு பத்திரமா இருக்குப்பா, லேப்டாப்லயே படிக்கலாம்” என்றேன்.

“சரிம்மா, மிச்சம் முப்பது பாட்டு இருக்கே, அதை எதுல அடிக்கிறது?”

பாமினி விசைப்பலகையை லேப்டாப்பிலும் போட்டுத் தரலாம்தான். ஆனால் எழுபத்தெட்டு வயதில் அவர் விரலுக்குத் தெரிந்தது அந்த உயரமான பழைய கீபோர்டு மட்டும். லேப்டாப்பில் ஒரு வரி அடிக்க வைத்துப் பார்த்தேன், பாவம், இரண்டு சொல்லுக்கு மேல் நகரவில்லை. அப்போதுதான் அந்தப் பெட்டியை எழுப்பியே தீருவது என்று உட்கார்ந்தேன்.

பிளக், பவர் கார்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் மாற்றிப் பார்த்தேன், பலன் இல்லை. அடுத்தது எஸ்.எம்.பி.எஸ்., அதாவது சுவர்க் கரண்டைக் கணினிக்கு வேண்டிய வோல்ட்டுக்கு மாற்றித் தரும் டப்பா. அதன் 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து பிடுங்கி, பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பு ஒயரையும் வளைத்த கம்பியால் இணைத்துவிட்டுக் கரண்ட் கொடுத்தால் அது தானாக ஓட வேண்டும். ஓடியது. எதிர்வீட்டில் இரவல் வாங்கிய மல்டிமீட்டரால் வோல்ட்டை அளந்தேன். மஞ்சளில் 12.1 வோல்ட், சிவப்பில் 5.0. எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறது, அப்படியானால் கடைக்காரர் சொன்னதுதான் சரியோ என்று அன்று இரவு விட்டுவிட்டேன்.

மறுநாள் மல்டிமீட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது எதிர்வீட்டு டிவி மெக்கானிக் அண்ணன் நடந்ததைக் கேட்டார். “ஃபேன் சுத்துறத வச்சு முடிவு பண்ணாதம்மா. லோடு இல்லாதப்ப எல்லா சப்ளையும் நல்ல பிள்ளையாத்தான் இருக்கும். போர்டுல மாட்டி வச்சுக்கிட்டே அள. ஊதா ஒயரைப் பாரு” என்றார்.

ஊதா ஒயர் என்பது ஸ்டான்ட்பை லைன். கணினி அணைந்திருக்கும்போதும் சுவரில் கரண்ட் இருக்கும்வரை அதில் 5 வோல்ட் இருக்கும். நாம் பட்டனை அழுத்தியதை உணர்ந்து பச்சை ஒயரைக் கறுப்போடு இணைத்துவிடும் சுற்று அந்த 5 வோல்ட்டில்தான் உயிரோடு இருக்கிறது. 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம், 4.75-க்குக் கீழே போகக் கூடாது. கனெக்டரை மாட்டிய நிலையில் அதன் பின்பக்கமாக மீட்டரின் கூர்முனையை நுழைத்துப் பார்த்தேன். 4.2. பட்டனை அழுத்திய கணத்தில் 3.6-க்கு விழுந்து மெல்ல ஏறியது. ஃபேனின் அரைச் சுற்று அந்த விழுகையின் கணக்குதான்.

எஸ்.எம்.பி.எஸ். டப்பாவின் மேல்மூடியைத் திறக்க நான் முயலவில்லை. 230 வோல்ட் உள்ளே போய் நேர்மின்னாக மாறும்போது பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தேங்கி நிற்கலாம். அண்ணன் தன்னிடம் இருந்த வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கொடுத்தார். மாட்டினேன். ஃபேன் நிற்காமல் ஓடியது! ஆனால் திரை கறுப்பாகவே இருந்தது.

முன்பு சத்தமே இல்லாத பெட்டியிலிருந்து இப்போது ஒரு நீண்ட பீப், சிறு இடைவெளி, மீண்டும் நீண்ட பீப். நான் சோர்ந்துபோயிருந்தால் ‘சப்ளை மாற்றியும் சரியாகவில்லை’ என்று பழையதையே மாட்டி மூடியிருப்பேன். அண்ணன் சிரித்தார். “பேசுதும்மா. நேத்து வாயே திறக்கல, இன்னைக்கு என்ன வலின்னு சொல்லுது.” அந்த வகைப் போர்டில் திரும்பத் திரும்ப வரும் நீண்ட பீப் ரேமைக் குறிக்கும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மிச்சக் கரண்ட் வடியப் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தேன். கேபினட்டின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டு ரேம் இரண்டையும் கழற்றினேன். தங்க நிறப் பற்களில் புகை படிந்த மாதிரி ஒரு மங்கல். வெள்ளை ரப்பரால் பற்களை நீளவாட்டில் மெதுவாகத் தேய்த்து, துகளை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டேன். பிறகு ஒன்றை மட்டும் ஒரு ஸ்லாட்டில், அதையே அடுத்த ஸ்லாட்டில், பின் மற்றொன்றை என்று மாற்றி மாற்றிப் பார்த்ததில், ஒன்று இரண்டு ஸ்லாட்டிலும் வேலை செய்தது, மற்றது எதிலுமே செய்யவில்லை. நல்லதை மட்டும் விட்டுவைத்தேன். எக்ஸ்பிக்கும் எழுத்து அடிப்பதற்கும் 1 ஜி.பி. போதும்.

திரையில் வெள்ளை எழுத்து வந்தது: சிமாஸ் செக்சம் பிழை, தொடர எஃப்1 அழுத்தவும். கணினியின் தேதியையும் அமைப்புகளையும் நினைவில் வைத்திருக்கும் இடம்தான் சிமாஸ். அதற்குக் கரண்ட் கொடுப்பது போர்டிலிருந்த சிஆர்2032 நாணய பேட்டரி. 3 வோல்ட் இருக்க வேண்டியதில் 1.9 காட்டியது. வாட்ச் கடையில் 40 ரூபாய். மாற்றி, தேதியைச் சரிசெய்தேன்.

இனி எழுந்துவிடும் என்று அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். எக்ஸ்பி லோகோ ஒரு நொடி. உடனே நீலத் திரை, பூஜ்யங்களாக நீண்டு 7பி என்று முடியும் பிழை எண்.

அதைப் பார்த்து டிஸ்க் போய்விட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் அது லேப்டாப்பில் படித்த டிஸ்க் என்பது எனக்குத் தெரியும். பேட்டரி தீர்ந்ததில், விண்டோஸுக்கு முன்பே போர்டில் ஓடும் நிரலான பயாஸ் தன் ஆரம்ப அமைப்புக்குப் போயிருந்தது. டிஸ்க்கோடு பேச ஐ.டி.இ. என்ற பழைய முறையும் ஏ.ஹெச்.சி.ஐ. என்ற புதிய முறையும் அதில் உண்டு. அந்தப் போர்டின் ஆரம்ப அமைப்பில் சாட்டா ஏ.ஹெச்.சி.ஐ. முறையில் இருக்கும். ஐ.டி.இ. முறையில் நிறுவிய எக்ஸ்பியிடம் ஏ.ஹெச்.சி.ஐ.க்கான டிரைவர் இல்லை. தான் இருக்கும் டிஸ்க்கே அதற்குத் தெரியாமல் போகிறது. பயாஸுக்குள் போய் ஐ.டி.இ. என்று மாற்றி, சேமித்து வெளியே வந்தேன். பச்சை மலையும் நீல வானமும் வந்தன.

எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன என்பதால் நெட் கேபிளைக் கழற்றியே வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு அது வேண்டியதுமில்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நூற்றுப் பதினோராவது பாட்டைத் தொடங்கினார். இரண்டாவது அடியில் ஒரு சொல் பிடிபடவில்லை. விரலை விசையின்மேல் வைத்தபடியே அடுக்களையைப் பார்த்துக் கேட்டார். அம்மா அங்கிருந்தே அந்த அடியைப் பாடினார். பாட்டு முடிந்ததும் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்தேன், அதற்குப் பிறகுதான் கணினியை அணைக்க விட்டேன்.